நட்டக் கணக்கில் சிரிப்பு

முதலீட்டாளர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சுமாரான ஜோக் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பார்கள். 9 வருடங்களாகச் சென்னையில் இருந்துகொண்டு ஸ்டார்ட்அப்களில் சின்னச் சின்னத் தொகைகளாகப் பணம் போட்டு வருகிறேன். இதுவரை 16 செக். ஏஞ்சல் முதலீட்டாளர் என்று இதற்குப் பெயர். நியூயார்க்கில் பிராட்வே நாடகங்களுக்குப் பணம் போட்ட பணக்காரர்களைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள், அங்கிருந்து வந்த சொல். தேவதைக்கும் எனக்கும் ஒட்டுறவு கிடையாது என்பதை என் மனைவி எழுதியே தருவார். அதற்கு முன் 20 வருடம் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தேன். அந்த 20 வருடத்தில் என் நகைச்சுவை உணர்வைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் செக் எழுதிய வாரத்தில் நான் திடீரென்று சுவாரசியமான மனிதனாகிவிட்டேன்.

வெளியில் இருப்பவர்கள் இதை டென்ஷனான தொழில் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. உண்மையில் இவ்வளவு சிரிப்பு உள்ள தொழில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. தோல்வியைப் பற்றித்தான் அதிகம் சிரிப்போம். பத்து கம்பெனியில் பணம் போட்டால் ஆறேழு முழுகும், இரண்டு மூன்று போட்டதைத் திருப்பித் தரும், ஒன்று எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்பது எங்கள் வட்டாரத்தில் புழங்கும் கணக்கு. ஆறேழு முழுகும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் முழுகும்போது ஏன் அழப்போகிறான்? ஒவ்வொன்றும் ஒரு கதையாகும், சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொள்ள.

என்னைக் கொஞ்ச நாளாகத் தொந்தரவு செய்யும் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நட்டத்தின் முன்னால் நின்று சிரிக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

அமெரிக்காவில் பெஸ்ஸெமர் என்றொரு பழைய முதலீட்டு நிறுவனம். அவர்களுடைய இணையதளத்தில் தாங்கள் தவறவிட்ட கம்பெனிகளின் பட்டியலைத் தாங்களே போட்டு வைத்திருக்கிறார்கள். கூகுள், ஆப்பிள் எல்லாம் அதில் உண்டு. கூகுளைத் தொடங்கிய இரண்டு மாணவர்களும் ஒரு பெண்ணின் வீட்டு கராஜில் வாடகைக்கு இருந்தபோது, அந்தப் பெண் தன் நண்பரான பெஸ்ஸெமர் பங்குதாரர் டேவிட் கோவனிடம் அவர்களை வந்து பாரேன் என்றாராம். கோவனோ அந்த கராஜ் பக்கமே போகாமல் வீட்டைவிட்டு வெளியேற வழியிருக்கிறதா என்று கேட்டாராம். எங்கள் தொழிலில் இதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். நானும்தான். தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் பெரிய மனசு என்று பாராட்டுவதும் உண்டு. நன்றாக யோசித்தால் அது பணம் போடாததைப் பற்றிய சிரிப்பு. வராமல் போன லாபத்தைப் பற்றியது. பணம் போட்டு, கம்பெனி முழுகி, அதைத் தொடங்கியவர் வீட்டை விற்றுவிட்டு அப்பா அம்மாவோடு போய் ஒண்டிக்கொண்ட கதைகளுக்கு அப்படியொரு வேடிக்கையான பக்கத்தை எந்த முதலீட்டு நிறுவனமும் வைத்து நான் பார்த்ததில்லை. வைக்க முடியாது. அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியவர் வேறொருவர்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஜவ்வாது மலை. என் செக்குகளில் ஒன்று சாமையில் போனது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், மலையிலிருந்து சாமை வாங்கி அரிசியாகவும் மாவாகவும் நூடுல்ஸாகவும் விற்கும் கம்பெனி ஆரம்பித்தான். அந்தச் சாக்கில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்வர ஆரம்பித்தேன். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. வாணியம்பாடிப் பக்கத்தில் ஏறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. திருச்சூர் நண்பர் ஒருவர் இது தெரியாமல் என்னோடு வந்து, ஒருவரிடம் மலையாளத்தில் பேசி, அவர் இவரை ஆந்திராக்காரர் என்று முடிவுகட்டினார்.

ஒருநாள் ஜமுனாமரத்தூர் டீக்கடை வாசலில் நின்று கோயம்புத்தூர் பையன்கள் இருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் கம்பெனிக்கு என்ன மதிப்பு என்பதுதான் பேச்சு. பன்னிரண்டு கோடி என்றார்கள். அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது, டவர் போயிற்று. லைன் அறுபடவில்லை, நான் பேசுவது மட்டும் அவர்களுக்குப் போகவில்லை. அவர்கள் சொல்வது துண்டு துண்டாக எனக்குக் கேட்டது.

"சார்... பத்தரைன்னா ஓகேவா சார்?"

நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

"சார், ஒம்போதரைக்குக் கீழ கஷ்டம் சார், புரிஞ்சுக்கோங்க."

நாலு நிமிடத்தில் இரண்டரைக் கோடி இறங்கிவிட்டது. டவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன், டீக்கடைக்காரர் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார். பன்னிரண்டுக்கே கையெழுத்தானது, அவர்கள் கணக்கு அதற்குத் தாங்கியது. இன்றைக்கும் நான் சொல்லும் கதைகளில் நல்ல கதை இதுதான். ஆனாலும் அதில் ஒரு முள் இருக்கிறது. என் வார்த்தைக்கு மட்டுமல்ல, நான் இல்லாத இடத்துக்கும் எடை உண்டு. நான் அங்கே இருக்கவேயில்லை, மழைதான் இருந்தது. அந்த மழைக்குப் பயந்து ஒருவர் தன் உழைப்பின் விலையைக் குறைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் என் ஜோக்குக்குச் சிரித்தால் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் புத்தகத்தில் நகைச்சுவையை ஒரு நற்குணமாகவே வைக்கிறார். ஒருபக்கம் எதைக் கண்டாலும் கேலி செய்யும் கோமாளி, மறுபக்கம் சிரிக்கவே தெரியாத முசுடு, நடுவில் அளவறிந்து பேசும் பண்பாளன். நல்ல பாகுபாடுதான். எனக்கு அதில் போதாமல் படுவது ஒன்று: அது சொல்பவனை அளக்கும் அளவுக்கு, சிரிக்காமல் இருந்துவிட முடியாத நிலையில் உட்கார்ந்திருக்கும் கேட்பவனை அளக்கவில்லை. வள்ளுவரிடம் வந்தால் இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதல் குறளே துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். ஸ்டார்ட்அப் மேடைகளில் இதை மேற்கோள் காட்டாத தமிழ்ப் பேச்சாளர் குறைவு. அங்கே யாருடைய துன்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். உனக்கு வந்ததைப் பார்த்து நீ சிரி என்கிறார். பக்கத்து நாற்காலிக்காரனுக்கு வந்ததைப் பார்த்து அல்ல. அவனைச் சிரிக்கச் சொல்லிக் கேட்பதும் அல்ல.

மலையில் என் தொழில் என்னவென்று விளக்குவதே பெரும்பாடு. தோளில் பையோடு ஒருவன் தெருவில் வந்தால் குழு லோன் வசூலுக்கு வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். ஒருமுறை நான் நுழைந்ததும் ஒரு தெருவில் நாலு வீட்டுக் கதவு சாத்தியது. களத்தில் சாமை காயப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆயா மட்டும் நகரவில்லை.

"லோன் கம்பெனியா?"

"இல்ல ஆயா."

"பின்ன பைய மாட்டிக்கினு வந்திருக்கே?"

"கம்பெனி ஆரம்பிக்கிற பசங்களுக்குப் பணம் குடுப்பேன்."

"வட்டி எவ்ளோ?"

"வட்டி இல்ல ஆயா. லாபம் வந்தா அதுல பங்கு."

"வரலன்னா?"

"எனக்கும் போச்சு."

"கேக்க மாட்டியா?"

"கேக்க முடியாது."

ஆயா சாமையைக் கையால் பரத்திவிட்டு மகனைப் பார்த்துத் திரும்பினார். "டேய், இந்த ஆளுக்கு வூட்ல புத்தி சொல்ல யாரும் இல்லியாடா?"

களமே சிரித்தது. என்னிடமிருந்து எதுவும் வேண்டாதவர்கள் சிரித்தார்கள், அதுவும் என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்பின் சுகம் இரண்டு நாள் இருந்தது.

ஊர் திரும்பியபிறகு "கேக்க முடியாது" என்று சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அது சரிதான், ஒரு எல்லைவரை. வட்டிக்காரன் நட்டத்திலும் அசலைக் கேட்பான், நான் கேட்பதில்லை. அதனால்தான் எங்கள் தொழில் வட்டித் தொழிலைவிட ஒழுக்கமானது என்ற பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் நாங்கள் வாங்குவது பெரும்பாலும் சாதாரணப் பங்கு அல்ல, முன்னுரிமைப் பங்கு. கம்பெனியை விற்றாலோ மூடினாலோ, கடன்காரர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதில் முதலீட்டாளர் போட்ட தொகை முதலில் அவருக்கு, அதன்பிறகே தொடங்கியவருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். நட்டத்திலும் பங்காளி என்று சொல்லிக்கொள்பவன் நட்டம் வரும்போது வரிசையில் முன்னால் போய் நிற்கிறான். இஸ்லாமிய வணிக மரபின் முழாரபா ஏற்பாட்டில் கணக்கு வேறு. நட்டமானால் பண நட்டம் முழுவதும் பணம் போட்டவனுக்கு. உழைத்தவன் தன் உழைப்பை இழக்கிறான், அதுவே அவனுடைய நட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு விடுவதிலும், எவ்வளவு சுரண்டல் இருந்தாலும், விளையாத வருடத்தில் பங்கு போட நெல் இல்லை என்பதாவது இருவருக்கும் பொதுவாக இருந்தது.

சரி, மலைக்காரர்கள் ரிஸ்க்கைப் பிரிப்பதில்லையா என்றால், எங்களைவிட நன்றாகப் பிரிக்கிறார்கள். சாமை மழையை நம்பிய பயிர், மூன்று மாதம் சொச்சத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அது போனால் புளி. புளி போனால் தேன், கடுக்காய், பலா. ஒரு மகன் ஆடு மாட்டோடு இருப்பான், ஒரு மகன் திருப்பூரிலோ கேரளத்திலோ இருப்பான். இதைத்தான் நாங்கள் போர்ட்ஃபோலியோ என்கிறோம். நான் பிரித்துப் போடுவது பணத்தை. அவர்கள் பிரித்துப் போடுவது பிள்ளைகளை.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. அவர்களில் இந்த மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். அவர்களை அனுப்பியவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே பணம் போடுபவர் என்று அந்தத் தொழில் அடுக்கடுக்காக நடக்கிறது. உச்சியில் இருப்பவருடைய கணக்கை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு லோடு பிடிபடும், இன்னொரு லோடு கடந்துவிடும், கடந்தது பிடிபட்டதை ஈடுகட்டும். அது குற்றம், என்னுடையது சட்டப்படியான தொழில். என் நட்டத்தில் யாரும் சாவதில்லை. இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல, அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் கணக்கின் எலும்புக்கூடு ஒன்றுதான். மேலே இருப்பவனிடம் பல லோடு. கீழே இருப்பவனிடம் ஒரே ஒரு உடம்பு. இழப்பை மேலிருந்து பார்த்தால் சதவீதம், கீழிருந்து பார்த்தால் ஒரு வீடு.

சாமைக் கம்பெனிக்கு வருகிறேன். 2023ஐ ஐநா சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது விற்பனை நன்றாக ஏறியது. எல்லோரும் அந்த ஏற்றத்தைப் பார்த்தார்கள், பெரிய கம்பெனிகளும் பார்த்தன. அடுத்த வருடத்தில் கடையில் எங்கள் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய பாக்கெட், பாதி விலையில். சூப்பர் மார்க்கெட் பணம் தர மூன்று மாதம் ஆகும். சாமை விற்றவர் மூன்று வாரம்கூடக் காத்திருக்க முடியாது. இந்த இடைவெளியில்தான் இந்த மாதிரிக் கம்பெனிகள் விழுகின்றன. பையன் ஆறு வருடம் இழுத்தான். அதில் கடைசி பதினான்கு மாதம் சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை.

மூடுவது என்று முடிவானபோது கடன்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் கொடுத்ததுபோக 11 லட்சம் மிஞ்சும் என்று கணக்கு வந்தது. நாங்கள் நாலு முதலீட்டாளர்கள், மொத்தம் போட்டது 1 கோடியே 40 லட்சம். ஷரத்துப்படி 11 லட்சமும் எங்களுக்கு. அதைப் பேச வைத்த வீடியோ காலில் ஒருவர், "போகட்டும்பா, ஆறு வருஷம் சாமை சாப்பிட்டு நம்ம எல்லாருக்கும் சுகராவது கன்ட்ரோல்ல இருந்துச்சு" என்றார். நல்ல மனிதர். அந்தப் பையனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் காரையும் டிரைவரையும் ஒரு வாரம் அனுப்பி வைத்தவர். எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தது பையன்தான்.

இனி எங்களிடமிருந்து அவனுக்கு வர வேண்டியது எதுவுமில்லை. ஆனாலும் முதலில் சிரித்தான். அது வள்ளுவர் சொன்ன சிரிப்பா, ஆறு வருடத்துப் பழக்கமா? திரையில் அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன், பிரித்தறிய முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

11 லட்சத்தில் என் பங்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். எனக்கு அது ஒரு எண். அவனுக்கு ஆறு மாத வீட்டுச் செலவு. என் பங்கை அவனுக்கே விட்டுவிட்டேன், கார் அனுப்பியவரும் விட்டுவிட்டார். மற்ற இரண்டும் ஃபண்டுகள், அவர்களால் முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பவன் அதை எடுத்து தானம் செய்தால் அதற்கு தர்மம் என்று பெயரில்லை. விஷயம் வேறொன்று. நாங்கள் விட்டுக்கொடுத்ததைச் சொன்னதும் பையன் எழுந்து நின்றுவிட்டான். "சார், இதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றான். ஒன்றும் பண்ண வேண்டாம்ப்பா என்றேன். ஆனால் கொடை என்று ஒன்று நடந்துவிட்டால் ஒன்றும் பண்ணாமல் இருப்பது வாங்கியவன் கையில் இல்லை. இனி எங்கே பார்த்தாலும் என் ஜோக்குக்கு அவன் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஆகவே பெருந்தன்மையால் இது தீராது என்று நினைக்கிறேன். உரிமையாக எழுதப்பட்டதற்கு யாரும் யாரிடமும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அதற்குப்பின் எழுதிய இரண்டு செக்கிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: மூடும்போது மிஞ்சுவதில், எடுக்காமல் விட்ட சம்பளம் தொடங்கியவருக்கு முதலில், பிறகு எங்களுக்கு. வக்கீல் என்னை நம்பாமல் இரண்டு முறை கேட்டார். நீங்க முதலீட்டாளர் பக்கம்தானே சார்?

இந்த யோசனைக்கு மலையிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்கள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் உண்டு. இந்த வகை நிறுவனத்தை ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்தார்கள். விளைவிப்பவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். தனி உறுப்பினர்கள் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்குக்கு வரும் லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் மிஞ்சுவதை யார் எவ்வளவு விளைச்சல் கொடுத்தார்கள் என்று பார்த்துப் பகிரலாம். என் மாதிரி ஆள் நினைத்தாலும் உள்ளே பணம் போட்டுப் பங்கு வாங்க முடியாது. எங்கள் வட்டாரத்தில் இதைக் குறையாகச் சொல்வார்கள், வெளிமுதல் வராததால் வளர்ச்சி தடைப்படுகிறது என்று. அதில் உண்மை இருக்கிறது. வங்கிக்கடனுக்கும் மானியத்துக்கும் காத்திருந்தே களைத்துப்போன இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பல மாவட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் மலையில் உழவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் ஓட்டில்லாமல் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசவில்லை. எடைமேடையைப் பற்றி யாரோ எதையோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. யாரும் விளக்கவுமில்லை.

கம்பெனியை மூடுவதற்கு முன் சாமை பாக்கியைக் கொடுக்கப் பையனோடு நானும் போனேன். பெரும்பாலானவர்களுக்கு வங்கியில் போட்டாயிற்று. ஆயாவின் கணக்கு ஏதோ ஆதார் சிக்கலில் முடங்கிக் கிடந்ததால் ரொக்கம். 4,860 ரூபாய். ஆயா ஒருமுறை எண்ணினார், 4,760 வந்தது. இரண்டாம் முறை 4,960. பையன் வாங்கி எண்ணப் போனான், தரவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"நீ எண்ணு. உனக்கு வேற என்ன வேல."

பையன் சத்தமாகச் சிரித்தான். நான் எண்ணினேன்.